சாங்வியிலிருந்து கரூருக்கு, இரண்டு வண்டிகளில்

48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் புனே பக்கத்துச் சாங்விக்காரர்களுக்குத் தமிழ்நாடு ஒரே சாலைதான். வாகட்டில் ஏறினால் சாத்தாரா, கோல்ஹாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, தாவணகெரே, துமகூரு, பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி. அங்கிருந்து சென்னைக்காரர்கள் நேரே போவார்கள். கரூர்க்காரர்களான நாங்கள் 44ஆம் எண் சாலைக்கு மாறி தர்மபுரி, சேலம், நாமக்கல் என்று இறங்குவோம். மொத்தம் ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

இந்தச் சாலை நெடுக இந்தியாவின் கார் தொழில் இருக்கிறது. எங்கள் பக்கம் பிம்பிரியில் டாடா, சற்று விலகி சகனில் மஹிந்திராவும் ஃபோக்ஸ்வாகனும். அந்த முனையில் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும். ஹூண்டாய்க்கு இருங்காட்டுக்கோட்டையில் ஓர் ஆலை, ஜெனரல் மோட்டார்ஸிடம் வாங்கிய தளேகாவ் ஆலை என்று இரண்டும் இதே 48ஆம் எண் சாலையை ஒட்டித்தான். கார் மாற்றும் யோசனையில் இருப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை அமையாது.

எங்களிடம் நெடுநாளாக இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். நல்ல வண்டி. ஹிஞ்சவடி வேலைக்குப் போய்வரவும் அவுந்துக்குப் போய்க் காய்கறி வாங்கிவரவும் அதைவிடத் தோதான வண்டி கிடையாது. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது அப்பா, அம்மா, மனைவி, மகள், நான் என்று ஐந்து பேர் ஏறுகிறோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நடுத்தர எஸ்யூவிக்கு மாறலாமா என்ற பேச்சு வீட்டில் அடிக்கடி எழுவதும் அடங்குவதுமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22இல் கார்களுக்கான ஜிஎஸ்டி மாறியதும் அந்தப் பேச்சு சூடுபிடித்துவிட்டது.

மனைவியின் அண்ணன் சிஞ்ச்வடில் இருக்கிறார். அவரிடம் நான்கேகால் மீட்டருக்கு மேல் நீளமுள்ள, 1.5 லிட்டர் பெட்ரோல் எஸ்யூவி இருக்கிறது. "ஷோரூம்காரங்க நாலு தெரு சுத்திக் காட்டுவாங்க. அதுல என்ன தெரியும் மாப்ள? பொங்கலுக்கு ரெண்டு வண்டியும் போகட்டும். மாத்தி மாத்தி ஓட்டலாம். ஊரு போறதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சு போயிரும்" என்றார். அப்படித்தான் இந்தப் பயணம் முடிவானது. பெயரைச் சொன்னால் கம்பெனிச் சண்டையில் போய் நிற்கும் என்பதால் இரண்டு வண்டிகளின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன்.

கிளம்புமுன் சாங்வியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வருடத்தில் பெரும்பாலான நாள் வண்டி ஓடப்போவது அங்கேதான். முளா ஆறும் பவனா ஆறும் சேரும் இடத்தை ஒட்டிய ஊர் அது. முளாவின் அக்கரையில் அவுந்த். பழைய சாங்வி, புதிய சாங்வி என்று இரண்டு பகுதிகள். இரண்டும் பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் வருவதால் வண்டிக்கு எம்.எச். 14. பழைய சாங்வியின் உள்தெருக்கள் குறுகல். சாயங்காலமானால் தள்ளுவண்டிகள், வடாபாவ் கடையைச் சுற்றி நிற்கும் கூட்டம், இரு பக்கமும் ஸ்கூட்டர்கள், நடுவில் ஒரு பள்ளி வேன். எஸ்யூவி இங்கே எப்படி நுழையும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அகலத்தைப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு அவ்வளவு இடமில்லை. ஸ்விஃப்ட் 1,735 மில்லிமீட்டர், கிரெட்டா 1,790. ஐந்தரை சென்டிமீட்டர் வித்தியாசத்தைத் தெரு தாங்கிக்கொள்ளும். நீளம்தான் இடிக்கிறது. 3,860க்கும் 4,330க்கும் நடுவே ஏறக்குறைய அரை மீட்டர். தெருமுனையில் ஒரே வீச்சில் திரும்பிய இடத்தில் இனி ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் பார்க்கிங் தரைத்தளத்தில், தூண்களுக்கு நடுவே. மச்சானின் வண்டியை அங்கே விட்டு, அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தோம். நீளத்துக்கும் அகலத்துக்கும் வண்டி அடங்கியது. ஆனால் சுவர்ப்பக்கத்துப் பின்கதவைத் திறந்தால் ஒரு சாண்தான் இடைவெளி. அம்மாவையும் அப்பாவையும் வாசலிலேயே இறக்கிவிட்டு, அப்புறம்தான் வண்டியை உள்ளே விட முடியும். வண்டி அடங்குகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது, நான்கு கதவும் எவ்வளவு திறக்கின்றன என்பதையும் அளக்க வேண்டும். எந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலிலும் இந்தக் கணக்கு இருக்காது.

விடியுமுன்னே கிளம்பினோம். சாங்வி பாட்டா, ரக்ஷக் சௌக், ஜக்தாப் டெய்ரி, வாகட். அங்கிருந்து பைபாஸில் சாந்தினி சௌக், வார்ஜே தாண்டி காத்ரஜ் சுரங்கத்துக்கான ஏற்றம். ஹேட்ச்பேக்கில் ஐந்து பேரும் பைகளுமாக நாங்கள், பின்னால் மச்சான் குடும்பம். ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறங்கி, கம்பாட்கி மலைப்பாதையில் இரண்டாவதுக்கும் இறங்கினேன். (நாங்கள் போனபோது கம்பாட்கியில் புனேயிலிருந்து போகிறவர்களுக்கு மலை ஏற்றம், திரும்பி வருகிறவர்களுக்குச் சுரங்கம்.) மலை இறங்கி சுரூரில் டீ குடித்துவிட்டு, ஓட்டுகிறவர்கள் மட்டும் வண்டி மாறினோம். உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே.

எஸ்யூவி என்றால் ஏற்றத்தில் பாய்ந்துகொண்டு போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. 1.2 லிட்டர் ஹேட்ச்பேக் சுமார் 80 முதல் 90 குதிரைத்திறன், எடை சுமார் 900 கிலோ. டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஸ்யூவி சுமார் 115 குதிரைத்திறன், எடை 1,200 முதல் 1,300 கிலோ. ஆளும் மூட்டையும் ஏறிய பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் திறன் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். லாரியை முந்துவதற்குக் கிடைக்கும் தெம்பு இரண்டிலும் பெரிதாக மாறுபடவில்லை. பாய்ச்சல் வேண்டுமென்றால் டர்போ பெட்ரோலுக்குப் போக வேண்டும், அது நகர நெரிசலில் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

சாத்தாரா தாண்டியதும் விடியாத இருட்டோடு பனியும் சேர்ந்துகொண்டது. ஜனவரியில் மேற்கு மகாராஷ்டிரத்தில் கரும்பு அரவை முழுவேகத்தில் நடக்கும். கராட், கோல்ஹாப்பூர் ஆலைகளை நோக்கி ராத்திரி பகலாக டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஒரு டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர், அகலத்துக்கு மீறி அடுக்கிய கரும்பு. பல டிரெய்லர்களுக்குப் பின்விளக்கு கிடையாது, சிவப்பு ரிஃப்ளெக்டரும் கரும்புத் தோகையில் மறைந்து கிடக்கும். நாங்கள் போன வழித்தடத்திலேயே அப்படி ஒன்று பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. முன்னால் போன காரின் கூரைக்கு மேலாக எனக்கு முதலில் தெரிந்தது தோகைதான். பிரேக்கை அழுத்தினேன். வண்டியின் மூக்கு தாழ்ந்தது, ஏபிஎஸ் காலடியில் அதிர்ந்தது, பக்கவாட்டில் இழுக்காமல் நேராக நின்றது. என் வண்டியில் பின்னால் வந்த மச்சானும் நிறுத்திவிட்டார்.

உயரமான இருக்கையால் எனக்கு லாபம் ஓரிரண்டு நொடி. எல்இடி விளக்கின் வெளிச்சத்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் எதுவும் இல்லை. உயரமான, எடை கூடிய வண்டி குறைந்த தூரத்தில் நிற்காது. திடீரென்று ஒதுக்கித் திருப்பினால் சாய்வும் கூடுதல். அதனால்தான் எஸ்யூவி வாங்குகிறவர்கள் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்கிறேன். சன்ரூஃப் எத்தனை அடி என்பதெல்லாம் பிறகு.

அந்தக் கரும்பு எங்கள் டேங்கிலும் இருந்தது. 2025இலிருந்து நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதில் ஒரு பங்கு இந்தச் சாலையோரத்துக் கரும்பிலிருந்து வருகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இந்தக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று அரசே சொல்கிறது. பழைய ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள் மாற்றலாமா என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம். இதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

சாத்தாராவிலிருந்து காகல் வரை ஆறுவழிச் சாலை வேலை. கொஞ்ச தூரத்துக்கொரு தரம் மாற்றுப்பாதை, சல்லி, திடீர் மேடு. ஐந்து பேர் உட்கார்ந்த ஹேட்ச்பேக் இங்கே அடிவயிற்றில் இடி வாங்கும். எஸ்யூவி தாண்டிப் போனது. கம்பெனிகள் சொல்லும் தரை இடைவெளி ஸ்விஃப்டுக்கு 163 மில்லிமீட்டர், கிரெட்டாவுக்கு 190, எலிவேட்டுக்கு 220. இந்த வித்தியாசத்தின் அருமை நெடுஞ்சாலையைவிட மழைக்காலத்தில் சாங்வியில்தான் தெரியும். ஆனால் அதோடு ஓர் எச்சரிக்கை. முல்ஷி, பவனா அணைகளில் தண்ணீர் திறக்கும்போது பழைய சாங்வியின் தாழ்ந்த பகுதிகளுக்குள் ஆறு வந்துவிடுவதுண்டு. 2019 ஆகஸ்டிலும் 2021 ஜூலையிலும் பஞ்சகங்கை பெருகி, கோல்ஹாப்பூர் அருகே இந்த நெடுஞ்சாலையே மூடிக் கிடந்தது. எஸ்யூவி என்ற பெயரை நம்பி வெள்ளத்தில் இறங்காதீர்கள். நடுத்தர எஸ்யூவிகள் ஹேட்ச்பேக் போலவே கட்டப்பட்ட கார்கள்தாம், பெரும்பாலும் முன்சக்கர இழுவை. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் இரண்டுக்கும் ஒரே கதிதான்.

நிப்பாணி, பெலகாவி, கித்தூர், தார்வாட். ராத்திரி ஹூப்ளியில் தங்கினோம். சாப்பிட்டுவிட்டு மச்சானும் நானும் காகிதத்தில் கணக்குப் போட்டோம்.

இந்தியாவில் காரின் அளவை நிர்ணயித்தது வரிதான். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். சிறிய கார் என்றால் நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசி. அன்று போட்ட அந்த நான்கு மீட்டர் கோடு இன்றும் அழியவில்லை. ஜிஎஸ்டி வந்த பிறகு சிறிய பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29 சதவீதம், 1.5 லிட்டர் நடுத்தர எஸ்யூவிக்கு 45. 2025 செப்டம்பருக்குப் பிறகு முறையே 18, 40. எல்லோரும் "எஸ்யூவி விலை குறைந்துவிட்டது" என்றார்கள். குறைந்தது உண்மை. ஆனால் இரண்டுக்கும் நடுவே முன்பு 16 புள்ளி வித்தியாசம், இப்போது 22. ஹேட்ச்பேக்கிலிருந்து மேலே ஏறுகிறவனுக்குப் படியின் உயரம் கூடித்தான் இருக்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் குட்டி எஸ்யூவிகளுக்குத்தான் உண்மையான லாபம்.

அதற்கு மேல் மகாராஷ்டிரத்தின் சாலை வரி. பத்து முதல் இருபது லட்சம் வரையான பெட்ரோல் காருக்கு 12 சதவீதம், டீசலுக்கு 14. பதினைந்து லட்ச ரூபாய் பெட்ரோல் வண்டிக்கு அதுவே 1.8 லட்சம். என்றாவது ஊரோடு திரும்பிவிடுவோம் என்று நினைக்கும் தமிழர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எம்.எச். எண்ணைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டுமென்றால் தடையில்லாச் சான்று, அங்கே மறுபடி வரி, இங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்பது என்று அலைய வேண்டும். நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களும் அரசு ஊழியர்களும் 2021இல் வந்த பி.எச். வரிசை எண்ணை வாங்கலாம். இரண்டிரண்டு வருடமாக வரி கட்டினால் போதும், மாநிலம் மாறினாலும் எண் மாறாது. ஹிஞ்சவடியில் வேலை பார்க்கிற நம்மவர்களில் பலருக்கு இந்தத் தகுதி இருக்கிறது. வண்டியைப் பதிவு செய்யுமுன் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

டீசலை அன்றிரவே கைவிட்டோம். சாங்வியிலிருந்து ஹிஞ்சவடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதிலும் பாதி நேரம் நின்று நின்று போவது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கொஞ்ச நேரமாவது சீரான வேகத்தில் வண்டி ஓடியாக வேண்டும். அந்த ஓட்டம் சாங்வியில் கிடைக்காது. நகர நெரிசலுக்குச் சரியான மருந்து ஹைபிரிட். 2022இல் பிடதி ஆலையிலிருந்து வந்த கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று சான்று பெற்றவை. இப்படிச் சான்று தரும் நிறுவனங்களில் ஒன்றுதான் எங்கள் புனேயில் வேதாள் மலையிலிருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. ஆனால் ஹைபிரிடில் பேட்டரி டிக்கிக்குள் இடம் பிடித்துவிடுகிறது. கரூரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் போர்வைக் கட்டும் ஏற்றிவருகிற குடும்பம் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மறுநாள் காலை தாவணகெரேயில் வெண்ணெய் தோசை. சாப்பிட்டு எழுந்ததும் அப்பாவையும் அம்மாவையும் மச்சானின் வண்டிக்கு மாற்றினோம். எனக்கு இந்தப் பயணத்தின் முக்கியமான இடம் அதுதான்.

முதல்நாள் முழுக்க அம்மா ஹேட்ச்பேக்கில் ஏறி இறங்கியதைப் பார்த்திருந்தேன். இருக்கைக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஒரு கை கதவுச் சட்டத்தில், ஒரு கை என் தோளில். மெல்ல முழங்காலை மடக்குவார். பாதி தூரத்துக்கு மேல் மூட்டு தாங்காது, மீதி தூரம் தொப்பென்று விழுவதுதான். அப்புறம் புடவையைச் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். இறங்குவது இதைவிடக் கஷ்டம், ஆழத்திலிருந்து எழுந்திருக்க வேண்டுமே. எழுந்து நின்றதும் ஒரு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார், வழியில் அடிக்கடி இறங்க வேண்டாமே என்று.

மச்சானின் வண்டியில் இருக்கையின் விளிம்பு அம்மாவின் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்தது. முதுகைக் காட்டினார், பின்னால் சாய்ந்தார், உட்கார்ந்துவிட்டார். முழங்கால் அரைகுறையாகக்கூட மடங்கவில்லை. உள்ளே திரும்பிக் காலை வைத்துக்கொண்டு, "திண்ணையில உக்கார்ற மாதிரி இருக்குது கண்ணு" என்றார். சித்ரதுர்காவில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உயரம் கூடக் கூட நல்லது என்று இதற்குப் பொருளில்லை. ஸ்கார்பியோ-என் போல லாரி மாதிரிச் சட்டத்தின் மேல் கட்டிய பெரிய எஸ்யூவிகளில் படியில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது ஹேட்ச்பேக்கைவிடக் கொடுமை. நடுத்தர எஸ்யூவியின் இருக்கை இரண்டுக்கும் நடுவே விழுகிறது. அதிலும் மாடலுக்கு மாடல் விளிம்பின் உயரமும் கதவடிச் சட்டத்தின் அகலமும் வேறுபடும். வீட்டில் அம்மா சிரமமில்லாமல் எழுந்திருக்கும் கட்டிலின் உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு, அந்த அளவோடு ஷோரூமுக்குப் போவது நல்லது.

சித்ரதுர்கா, ஹிரியூர் பக்கம் குன்றெல்லாம் காற்றாலைகள். அங்கே உயரமான வண்டியைப் பக்கக் காற்று தள்ளுவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. பயப்படும்படி இல்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடுகிறது. மைலேஜில் ஹேட்ச்பேக் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டராவது கூடுதலாகக் கொடுத்தது. பெங்களூருவை நைஸ் ரோட்டில் சுற்றிக்கொண்டு ஓசூர் வந்துவிட்டோம்.

தர்மபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய். சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் எத்தனை லாரிகள் கட்டுப்பாடிழந்து எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது நம் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். புனேயில் காத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவலே பாலத்துக்கு இறங்கும் சரிவும் இதே போல் பெயர் கெட்ட இடம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவதும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும் இரண்டு இடத்திலும் சொல்லப்படும் காரணங்கள். "மூணாவதுலயே வெச்சுக்கங்க மாப்ள, பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராதீங்க" என்று மச்சான் தன் மகன் மூலமாகப் போனில் சொல்லியனுப்பினார். கியரில் எஞ்சின் பிடித்துக்கொள்ள நிதானமாக இறங்கினோம். சிவிடி ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினின் பிடிப்பு சாதாரணமாகக் குறைவு. மலைச்சரிவுக்கென்று தனி 'எல்' நிலையோ ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடிலோ இருக்கும், டெஸ்ட் டிரைவில் அதைக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

கரூரில் சித்தப்பா வீட்டில் இறங்கினோம். கரூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் போர்வை, துண்டு. எங்களுக்கு அதோடு பஸ் பாடியும். தென்னிந்தியச் சாலைகளில் ஓடும் தனியார் பஸ்களில் ஏராளமானவற்றுக்குக் கூண்டு கட்டியது கரூர்ப் பட்டறைகள்தாம். சித்தப்பா அப்படியொரு பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கம்போல அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் வந்து மச்சானின் வண்டிக் கதவைத் தட்டிப் பார்த்து, "தகரம் கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்குது" என்றார்கள். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தகரத்தத் தட்டி என்னடா தெரியும்? மழை ஒழுகாம இருக்கத்தான் தகரம். பஸ்ஸு உருண்டா ஆளக் காப்பாத்துறது உள்ள நிக்கிற தூணும் மேல ஓடுற சட்டமும். அத யாரு கண்ணுல பாத்தீங்க?"

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. காரிலும் மோதலைத் தாங்குவது வெளித்தகடு அல்ல. முன்பகுதி கசங்கி வேகத்தைத் தின்ன வேண்டும், ஆள் இருக்கும் கூண்டு கசங்கக் கூடாது. அதைக் கையால் தட்டிப் பார்த்து அறிய வழியில்லை, மோதவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சகனில் செய்யப்படும் குஷாக், டைகுன் இரண்டும் 2022 அக்டோபரில் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து நட்சத்திரம் வாங்கின. 2023 அக்டோபரிலிருந்து நமக்கே பாரத் என்கேப் இருக்கிறது. முன்புற மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், பக்கவாட்டு மோதல் 50இல். அதில் முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் பெற்றவை டாடாவின் ஹாரியரும் சஃபாரியும். 2025இல் வந்த மாருதி விக்டோரிஸும் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கிறது. வாங்கப்போகும் மாடலின் முடிவை அவரவர் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நட்சத்திரம் பெல்ட் போட்டவர்களுக்குத்தான். எங்கள் ஹேட்ச்பேக்கில் பின்னால் நடுவில் உட்காருகிறவருக்கு இடுப்புப் பட்டை மட்டும், தலைக்குச் சாய்மானமும் கிடையாது. தாவணகெரே வரை அங்கே உட்கார்ந்து வந்தது என் மகள். சித்தப்பாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டே போய் அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மாற்ற வேண்டும் என்று நான் முடிவு செய்தது அங்கேதான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கணவன், மனைவி, ஒரு குழந்தை, சாங்வியும் ஹிஞ்சவடியும்தான் உலகம் என்றால் நல்ல ஹேட்ச்பேக்கோ நான்கு மீட்டருக்குள் அடங்கும் குட்டி எஸ்யூவியோ போதும். 22 புள்ளி வரி வித்தியாசத்தை அரசுக்குக் கட்ட அவசியமில்லை. பெரியவர்களை வைத்துக்கொண்டு ஐந்து பேராக நெடுந்தூரம் போகிற வீட்டுக்கு நடுத்தர எஸ்யூவி ஆடம்பரம் அல்ல. எங்கள் தேர்வு டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக், பின் சீட்டில் மூன்று பேருக்கும் தோளோடு வரும் பெல்ட்டும் தலைச் சாய்மானமும், பின்பக்கத்துக்கு ஏசி, சுற்றிலும் கேமரா. தெருமுனையில் ரிவர்ஸ் எடுக்கும் சாங்விக்காரருக்குக் கேமரா தினமும் வேலை செய்யும். சன்ரூஃப் உள்ள வேரியன்ட்டுக்குக் கேட்கும் கூடுதல் பணத்தை நாங்கள் கொடுக்கப்போவதில்லை.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகவோ நண்பர்களோடோ போகாதீர்கள். பின் சீட்டில் உட்காரப்போகிற அம்மா, அப்பா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் அவர்கள் ஏறி இறங்கட்டும், ஒரு தடவைக்கு நான்கு தடவை. ஸ்டியரிங்கை அப்புறம் பிடிக்கலாம்.